எங்கள் நிறுத்தத்தில் தினமும் கல்யாணம்

பெல்ஜியம் போய் அந்த ஊர்க்காரியாகவே மாறிவிட்ட என் மரியாதைக்குரிய அக்கா எடெலாவுக்கு, தம்பி தெசிதேர் எழுதுவது. உனக்கும் அத்தானுக்கும் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம். சுகமில்லாதவர்களும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள்.

நம் ரோமா சனங்களின் குடியிருப்புக்குப் பேருந்து நிழற்குடை வந்துவிட்டது அக்கா. ஐரோப்பிய ஒன்றியத்தின் சமூக ஒருங்கிணைப்புத் திட்டமாம். கண்ணாடிச் சுவர், விளக்கு, நீலப் பலகையில் மஞ்சள் நட்சத்திரங்கள். ஸ்லோவாக்கியா முழுக்கத் தேடினாலும் இப்படியொன்று கிடைக்காது என்று சொல்லி மேயர் ரிப்பன் வெட்டினார், நாங்கள் கைதட்டினோம், மறுநாள் காலை பேருந்து எங்களைப் பார்த்துக்கொண்டே போய்விட்டது. போய்க் கேட்டால் நிழற்குடை ஒரு இலாகா, பேருந்து வேறு இலாகா என்கிறார்கள். நானும் சிரித்துவிட்டு இருந்திருப்பேன், ஆனால் என் மகள் யோலானாவுக்கு அப்போதுதான் பட்டணத்து மருத்துவமனையில் துணி வெளுக்கும் வேலை கிடைத்திருந்தது. பனியில் நெடுஞ்சாலை ஓரமாக நடந்தே போய் இரண்டு தடவை தாமதம். இன்னொரு தடவை தாமதமானால் வரவே வேண்டாம் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். நம் வீட்டில் மாதச் சம்பளம் வாங்கும் முதல் ஆள் அவள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கல்யாண ஊர்வலத்தை இடித்துக்கொண்டு போகிற ஓட்டுநர் இந்தப் பக்கம் இன்னும் பிறக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பக்கத்து வீட்டு கெய்சாவுடைய மனைவியின் பழைய கல்யாண கவுனை யோலானாவின் வேலை உடுப்புக்கு மேலே மாட்டிவிட்டு, கெய்சாவையே அக்கார்டியனோடு மாப்பிள்ளையாக்கி, சாலையை அடைத்துக்கொண்டு ஆடினோம். அவன் மனைவி மணப்பெண் தோழியாகக் கூடவே நின்று அவனைக் கண்காணித்தாள். பேருந்து நின்றது. ஓட்டுநர் இறங்கி வாழ்த்துச் சொல்லி கேக் வாங்கிக்கொள்வதற்குள் மணப்பெண் ஏறி உட்கார்ந்துவிட்டாள். மறுநாளும் கல்யாணம். அதற்கு அடுத்த நாளும். ஓட்டுநர் தங்கமான மனுஷன், நேற்று கேக்கில் கசகசாவைக் கொஞ்சம் தூக்கலாகப் போடச் சொல்லிவிட்டுப் போனார்.

யாரோ போட்டுக்கொடுத்து, பேருந்து இலாகா அதிகாரி நேரிலேயே வந்துவிட்டார்.

"என்னய்யா, உங்க ஆளுங்களுக்குத் தினமும் கல்யாணமா?"

"ஆமாங்க, அது எங்க பண்பாடு. அதைக் காப்பாத்தணும்னு உங்க திட்டத்துலயே போட்டிருக்கே?"

 மனுஷன் முகம் மலர்ந்து, ஆவன செய்கிறேன் என்று கைகுலுக்கிவிட்டுப் போனார். இனி வேஷமும் வேண்டாம் ஆட்டமும் வேண்டாம், அரசாங்கமே பேருந்தை நிறுத்தப்போகிறது. யோலானா சாதாரண ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ராணி மாதிரி ஏறுவாள்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தங்கள். கடவுள் உங்கள் வீட்டு அடுப்பை அணையாமல் வைத்திருக்கட்டும்.

பாசமுள்ள தம்பி,
தெசிதேர்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உத்தரவு வந்துவிட்டது. பேருந்து எங்கள் நிறுத்தத்தில் நிற்குமாம், கல்யாண ஊர்வலம் நடக்கும் நாட்களில் மட்டும், அதுவும் மணமக்கள் உரிய உடையில் இருந்தால். கெய்சா மனைவியின் கவுன் பேருந்துப் படியில் மாட்டிக் கிழிந்துபோயிற்று. உன் மகளுடைய கல்யாண கவுனை உடனே அனுப்பு, அளவு முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை. யோலானா திங்கட்கிழமை வேலைக்குப் போயாக வேண்டும்.