ஐந்தாம் மாடித் திரைக்குப் பின்னால் நாற்பது நிமிடம்

மதிப்பிற்குரிய வார்டு மாத இதழ் ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலைகள் சிவந்து, காற்றில் குளிர் ஏறும் இந்நாளில் தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் பாடப்புத்தகத்தில் பெரியவர்களுக்கு எழுதும் கடிதத்துக்கு இலையுதிர்கால மாதிரி மட்டும்தான் இருக்கிறது. இப்போது ஜூன் மாதம், வெளியே மழை. ஆகவே இலைகளை எடுத்துவிட்டு மழையை வைத்துக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வாசகர் கடிதம் நானூறு எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறீர்கள். அதில் பாதி வணக்கத்திலேயே போய்விட்டது. அதற்கும் மன்னிக்கவும்.

என் பெயர் ஒரிமோத்தோ நாகிசா. நடுநிலைப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு. பெயரும் முகவரியும் இல்லாத கடிதங்களைக் குப்பையில் போடுவோம் என்பது உங்கள் விதி என்பதால் எழுதியிருக்கிறேன். ஆனால் தயவுசெய்து இதழில் பெயரைப் போடாதீர்கள். வேண்டுமானால் 'மழைத்துளி' என்று போடுங்கள். இதை நான் எங்கள் வீட்டுக் குளியல் தொட்டிக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். தண்ணீர் இல்லை. அம்மாவும் தம்பியும் தூங்குகிறார்கள். வேறு எந்த விளக்கைப் போட்டாலும் அவர்கள் படுத்திருக்கும் அறையில் வெளிச்சம் விழும். அம்மா எழுந்துவிட்டால் இந்தக் கடிதம் உங்களுக்கு வந்து சேராது. ஒருவேளை நானும் எங்கும் போய்ச் சேரமாட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாத இதழின் நான்காம் பக்கத்தில் 'வேலைக்குப் போகும் ஒரு தாய்' எழுதிய கடிதம் வந்திருக்கிறது. மிசுகியா கடையின் ஐந்தாம் மாடியில் உள்ள குழந்தைகள் அறையில் பாலூட்டும் தடுப்புகள் இரண்டே இரண்டு. மே மாதம் ஒரு சனிக்கிழமை, அதில் ஒன்றை ஒரு பள்ளி மாணவி நாற்பது நிமிடம் பிடித்துவைத்திருந்தாள். திரைக்கு அடியில் அவளுடைய வெள்ளைக் காலணிகள் தெரிந்தன. அறையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் அவளை வெளியே அனுப்பாமல் சாக்கு சொன்னார். அந்த அம்மாளை நீக்கிவிட்டு, தாய்மார்களுக்கு மட்டும் அட்டை கொடுத்துக் கதவைப் பூட்ட வேண்டும். இதுதான் அந்தக் கடிதம். கீழே நீங்கள், கடைக்காரர்கள் ஜூலையிலிருந்து அப்படியே செய்ய யோசிப்பதாகவும், வாசகர்கள் இருபதாம் தேதிக்குள் கருத்துச் சொல்லலாம் என்றும் போட்டிருக்கிறீர்கள்.

ஐயா, அந்தத் தாய் என் அம்மா. அந்தக் கால் என் கால்.

அம்மாவுக்கு இது தெரியாது. எங்கள் பள்ளியில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் அதே வெள்ளைக் காலணிதான். கடிதத்தின் நகலைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, "நாகிசா, இதுல கோபம் ஜாஸ்தியா தெரியுதா, இல்ல இன்னும் கொஞ்சம் ஏத்தலாமா?" என்று என்னிடமே கேட்டார். "போதும்மா, நல்லா இருக்கு" என்று நானும் சொன்னேன். அன்றிலிருந்து எனக்கு மிசோ சூப் இறங்குவதில்லை.

நடந்தது இதுதான். அப்பாவுக்கு சப்போரோவில் வேலை. மாதம் ஒருமுறை வருவார். அம்மா ரயில் நிலையத்துக்கு அருகில் உள்ள மருந்துக்கடையில் இருக்கிறார். அந்தச் சனிக்கிழமை எட்டு மாதத் தம்பி ஹயாதோவை என்னிடம் விட்டு, "பதினொரு மணிக்குப் பால். அதுவரைக்கும் வாசக்கதவத் தாண்டினே, அப்புறம் பாரு" என்றார். அவர் எடுத்து உறையவைத்த தாய்ப்பால் இரண்டு பைகள் குளிர்பெட்டியில் இருந்தன. இரண்டையும் சமையலறைத் தொட்டியில், திறந்துவிட்ட வெந்நீரில் மிதக்கவிட்டேன். பையின் வாயை மேல்பக்கமாக வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நான் திரும்பி வந்தபோது பைகள் இருந்தன. பால் தொட்டித் துளை வழியாகப் போய்க்கொண்டிருந்தது. அம்மா ஒரு வாரம் மதிய ஓய்வில் சேர்த்த பால். நான் அழுதேன், தம்பியும் துணைக்கு அழுதான். நேரில் போய் ஒப்புக்கொண்டுவிடலாம் என்று அவனை மார்போடு கட்டிக்கொண்டு, சுகாதார மையத்தில் இலவசமாகத் தந்த பால்பவுடர் பொட்டலங்களையும் காலிப் புட்டியையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அம்மா மூன்று மணிக்கு வந்ததும் பள்ளியில் குழலிசைப் பயிற்சிக்குப் போக வேண்டியிருந்ததால் ஏற்கெனவே சீருடையில் இருந்தேன். மருந்துக்கடைக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், உள்ளே அம்மா புதிதாகச் சேர்ந்த பையனிடம், "ஒரு பெட்டிய நேரா வைக்கத் தெரியாதா? ஒரே ஒரு வேல சொன்னேன், ஒரே ஒரு வேல!" என்று கேட்டுக்கொண்டிருந்தார். என் கால் தானாகத் திரும்பிவிட்டது.

திரும்பிய அதே நொடியில் ஹயாதோ தன் வேலையை முடித்தான். அதுவும் முதுகு வரைக்கும்.

ரயில் நிலையத்துக்கு ஓடினேன். அங்கே குழந்தைக்குத் துணி மாற்றும் இடம் என்பது பெண்கள் கழிவறையின் கடைசியில் சுவரிலிருந்து மடக்கி இறக்கும் ஒரு பலகை. அதன் வார் அறுந்திருந்தது. நான் கையை எடுத்தால் பலகை சுவருக்கே திரும்பிப் போகப் பார்க்கிறது. விளக்கு ஆள் அசைந்தால்தான் எரியும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை அணைந்துவிடும். ஒரு கை தம்பி மேல், ஒரு முழங்கை பலகை மேல், மீதி இருந்த கையில் டயப்பர். அந்தக் கையைத்தான் விளக்குக்கு ஆட்ட வேண்டியிருந்தது. இரண்டாவது முறை ஆட்டியபோது பின்னால் கை கழுவிக்கொண்டிருந்த பெண்மணி கைகளைத் துடைக்காமலே வெளியே போய்விட்டார். அழுக்கு டயப்பரை மறுபடி அதே இடத்தில் கட்டிவிட்டு நானும் வெளியே வந்தேன்.

அடுத்து வார்டு நூலகம். அங்கே அறை நன்றாக இருக்குமாம். உள்ளே பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. சாவி இரண்டாம் மாடியில், சாவிக்குப் படிவம் கீழ்த்தளத்தில். படிவத்தில் 'குழந்தைக்கும் உங்களுக்கும் உள்ள உறவு' என்று ஒரு வரிசை: தாய், தந்தை, பாட்டி, தாத்தா, மற்றவை. அக்கா இல்லை. நான் 'மற்றவை'யில் வட்டம் போட்டேன். அங்கிருந்த அண்ணன் படிவத்தைப் பார்த்தார், என் சீருடையைப் பார்த்தார், ஹயாதோவைப் பார்த்தார். "மற்றவைன்னா... எந்த மாதிரி மற்றவை?" என்று மெதுவாகக் கேட்டார். "அக்கா" என்றேன். "அக்காவுக்குக் கட்டம் இல்லியே. இரும்மா, மேலதிகாரியக் கேட்டுட்டு வரேன்." மேலதிகாரி வந்தார், அவரும் மூன்றையும் அதே வரிசையில் பார்த்தார். "எந்த ஸ்கூல்?" என்றார். பெரியவர்கள் துணையில்லாமல் கடைத்தெருவிலோ பெரிய கடைகளிலோ சீருடையோடு காணப்பட்டால் பெற்றோரை அழைப்பது எங்கள் பள்ளி விதி. நூலகம் கடை இல்லைதான். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அது தோன்றவில்லை. ஓடிவிட்டேன்.

ஓடி நின்ற இடம் மிசுகியா. அது சந்தேகமே இல்லாமல் பெரிய கடை. ஆனால் என் சட்டை வரைக்கும் ஊறிவிட்டிருந்தது.

ஐந்தாம் மாடியில் லிஃப்ட் திறந்ததும், நீல ஏப்ரன் கட்டிய ஓர் அம்மாள் என்னைப் பார்த்தார். அவர்தான் அறையைப் பார்த்துக்கொள்ளும் இசோசாகி அம்மா; பெயர் ஏப்ரனில் குத்தியிருந்தது. யார் குழந்தை என்று கேட்கவில்லை. எந்தப் பள்ளி என்று கேட்கவில்லை. "ஐயோ, மழையா வெளிய?" என்று என் சட்டையைப் பார்த்தார். "இல்லங்க, இது இவன்" என்றேன். "அப்ப ரெண்டு பேரும் உள்ள வாங்க. யாருக்கு முதல்ல, அவனுக்கா உனக்கா?"

ஆசிரியர் ஐயா, நீங்கள் அந்த அறைக்குள் போயிருக்கிறீர்களா என்று தெரியவில்லை. துணி மாற்றும் மேசையின் விளிம்பு குழந்தை உருளாதபடி உயர்ந்திருக்கிறது, வார் அறுபடாமல் இருக்கிறது, விளக்கு நாம் அசையாவிட்டாலும் எரிகிறது. படுக்கவைக்கும் மெத்தை கொஞ்சம் சூடாக இருக்கிறது. முதுகு பட்டதும் ஹயாதோ அழுகையைப் பாதியில் மறந்துவிட்டான். டயப்பரைப் போடும் பெட்டி மூடியைத் தள்ளினால் விழுங்கிவிடுகிறது, வாசனை வெளியே வருவதில்லை. பால்பவுடருக்குத் தேவையான சூட்டில் வெந்நீர் வரும் குழாயும், பக்கத்திலேயே புட்டியை ஆறவைக்கக் குளிர்நீர்க் கிண்ணமும் இருக்கின்றன. நான் பொட்டலத்தைத் தலைகீழாகப் பிரித்தபோது இசோசாகி அம்மா என் கையைப் பிடித்துத் திருப்பி, "இந்தப் பக்கம் அம்புக்குறி போட்டிருக்கான் பாரு. நானும் ரெண்டு தடவ கொட்டியிருக்கேன்" என்றார். பிறகு யாரோ மறந்துவிட்டுப் போன குழந்தைச் சட்டையைத் துவைத்து வைத்திருந்ததை அவனுக்கும், தன்னுடைய இன்னொரு ஏப்ரனை எனக்கும் மாட்டிவிட்டு, தடுப்புக்குள் நாற்காலியில் உட்காரவைத்துத் திரையை இழுத்தார். திரைக்கு மேலே ஒரு சோற்று உருண்டை வந்தது. "உமெபோஷி ஊறுகா வச்சது. புளிக்கும், பரவால்லயா?" என்று குரலும் வந்தது. அந்தக் காலையில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் பதில் தெரிந்த கேள்வி அது ஒன்றுதான்.

ஹயாதோ நூற்று அறுபது மில்லி குடித்துவிட்டு என் மடியில் தூங்கிப்போனான். நான் எழப்போன நேரம், வெளியே என் அம்மாவின் குரல் கேட்டது.

மதிய ஓய்வில் பால் எடுக்க அம்மா அங்கேதான் வருவார் என்பது எனக்கு அதுவரை தெரியாது. பக்கத்துத் தடுப்பில் இரட்டைக் குழந்தைகளின் தாய் ஒருவர் இருந்தார். அவர் இப்போதைக்கு வெளியே வருவதாகத் தெரியவில்லை. திரையின் இடுக்கு வழியாக இசோசாகி அம்மாவைப் பார்த்தேன். ஒரு கையில் தம்பி, ஒரு கையில் சோற்று உருண்டை, கும்பிடக்கூட முடியவில்லை. சோற்று உருண்டையாலேயே கும்பிட்டேன்.

"உள்ள யாருங்க? ரொம்ப நேரமா மூடியே இருக்கு" என்றார் அம்மா.

"பச்சப்புள்ள இப்பதான் தூங்குது. எழுப்ப வேணாமே" என்றார் இசோசாகி அம்மா. இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

"கால் பள்ளிக்கூடப் பொண்ணு கால் மாதிரில்ல இருக்கு!"

"கால வச்சு வயசு சொல்ல முடியுமாம்மா? என் கால் இன்னும் இருபதுலயே இருக்கு."

நான் காலைத் தூக்கிக்கொண்டேன். அது இன்னும் மோசமாகிவிட்டது. "பாத்தீங்களா, ஒளிச்சுக்கறா!" என்றார் அம்மா. காத்திருந்தார், கடிகாரம் பார்த்தார், பெருமூச்சு விட்டார், கடைசியில் "ஓய்வே முடிஞ்சிரும் போல" என்று படிக்கட்டுப் பக்கம் போனார். அவர் காலடி ஓசை போன பிறகும் நான் எழவில்லை. அம்மா குத்துமதிப்பாக எழுதிய நாற்பது நிமிடம், அதையும் சேர்த்தால் சரியாகவே வருகிறது.

போகும்போது இசோசாகி அம்மா ஒன்றே ஒன்று கேட்டார். "தெரிஞ்சவங்களா?" நான் தலையாட்டினேன். "பயமா?" அதற்கும் தலையாட்டினேன். "பால் கட்டி வலிச்சா யாருக்கும் கோபம் வரும். வீட்டுல போய்ச் சொல்லிடு" என்றார். நான் சொல்லவில்லை. சொல்லாததால்தான் அவருக்கு இப்போது வேலை போகப்போகிறது.

ஆகவே, மழைத்துளியாகிய நான் உங்களிடம் கேட்டுக்கொள்வது: கதவைப் பூட்டாதீர்கள். அட்டை தாய்மாருக்கு மட்டும் என்றால் என்னைப் போன்ற 'மற்றவை'கள் நூலகத்து வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். வெந்நீர்க் குழாய் நல்லது, மெத்தை நல்லது; ஆனால் அந்த அறையில் மிக நல்லது இசோசாகி அம்மா. என் காலுக்காக அவரை நீக்காதீர்கள். அவருடைய ஏப்ரனை இரண்டு முறை துவைத்து, என் இசைக்குழல் பெட்டியில் மடித்து வைத்திருக்கிறேன். திருப்பிக் கொடுக்க இன்னும் தைரியம் வரவில்லை.

தாங்களும் ஆசிரியர் குழுவினரும் மழையில் நனையாமல், சளி பிடிக்காமல், எல்லா நலன்களோடும் இருக்க வேண்டுகிறேன். தங்கள் வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அதற்கும் என் அன்பு.

மிகுந்த நன்றியுடனும் அதைவிட மிகுந்த பயத்துடனும்,
நாகிசா (மழைத்துளி)

பின்குறிப்பு: மேலே எழுதிய பலவற்றை மாற்ற வேண்டியிருக்கிறது. குளியலறை விசிறி ஓடும் சத்தம் கேட்டு அம்மா எழுந்து வந்துவிட்டார். கடிதத்தைப் பிடுங்கி, கதவருகே நின்றபடியே முதல் வரியிலிருந்து படித்தார். 'அந்தக் கால் என் கால்' வந்தபோது தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். நான் தொட்டியின் மூடியை இழுத்து என் மேல் மூடிக்கொண்டேன். பிறகு மேலிருந்து, "எத்தன மில்லி குடிச்சான்?" என்று கேட்டார்.

"நூத்தி அறுபது."

"அடிப்பாவி! நான் வெளிய படிக்கட்டுல, துண்டப் போத்திக்கிட்டு, போற வர்றவனுக்கெல்லாம் பயந்து பயந்து நூத்தி அறுபது எடுத்தேன். எவனுக்காக எடுத்தேனோ அவன் திரைக்குள்ள பவுடர் குடிச்சிட்டுத் தூங்கியிருக்கான்! சாயங்காலம் பால் வேணாம்னு முகத்தத் திருப்பினானே, உடம்புக்கு என்னமோன்னு டாக்டருக்கு ரெண்டு போன் போட்டேன்டி!"

மூடியைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். அப்புறம் பொத்தாமல் சிரித்தார். ஹயாதோ எழுந்துவிட்டான். இப்போது தொட்டிக்குள் நானும் அவனுமாக இரண்டு பேர்.

அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன்: நான்காம் பக்கக் கடிதத்தில் இசோசாகி அம்மாளை நீக்கச் சொன்னதையும் பூட்டச் சொன்னதையும் அடித்துவிடுங்கள். தடுப்பு இரண்டே இரண்டு என்பதை மட்டும் அடிக்காதீர்கள். மூன்றாவது நாற்காலி கட்டாயம் வேண்டும். அது இருந்திருந்தால் இவ்வளவு கடிதமும் இல்லை. நூலகப் படிவத்தில் அக்காவுக்கு ஒரு கட்டம். ரயில் நிலையத்துப் பலகைக்கு ஒரு வார். 'மழைத்துளி' வேண்டாம், என் பெயரையே போடலாமாம். பள்ளிக்கூடத்தில் அவரே வந்து பேசிக்கொள்வாராம். எனக்கு இரண்டு மாதம் பாத்திரம் கழுவும் வேலை. அதைப் போட வேண்டாம்.

நாளை சனிக்கிழமை. ஏப்ரனை எடுத்துக்கொண்டு மூன்று பேரும் ஐந்தாம் மாடிக்குப் போகிறோம். இப்போதுதான் அம்மா கேட்டார்:

"நாகிசா, லிஃப்ட் திறந்ததும்... நீ முன்னாடி போறியா?"