தொட்டில் சாரோங்கை வெட்டிய தங்கைக்கு

அன்புள்ள தங்கை அமுதவள்ளிக்கு,

பிரிக்பீல்ட்ஸிலிருந்து அண்ணன் சிவநேசன் எழுதுவது. பண்டமாரானில் நீயும், உன் ஒழுகாத புதுக் கூரையும், உன் தையல் மெஷினும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் யாரும் நலமாக இல்லை. அதற்குக் காரணம் நீ.

இதை வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கலாம். எழுதினால் நீ பதிலுக்கு ஒரு ரோஜாப்பூ படம் அனுப்புவாய். போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்னைப் பேச விடமாட்டாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். தாளைக் குறுக்கே பேசி நிறுத்த முடியாது. என் பேரன் ரிஷி இப்போது என் முதுகில் ஏறிச் சட்டைக் காலரைச் சப்பிக்கொண்டிருக்கிறான். மணி மதியம் இரண்டரை. தூங்க வேண்டிய பிள்ளை. எழுத்து கோணினால் அதற்கும் நீதான் பொறுப்பு.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் உனக்கு வசதியான இடங்களில் மறதி வரும். என் மகள் ஷாமினி மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கிய அதே வாரம், கூரை மாற்றுகிறார்கள் என்று நீ இங்கே வந்து சேர்ந்தாய். கையில் ஒரு பை. பின்னால், நம் சித்தப்பா மகன் கன்னையாவின் லோரியில், அந்த இரும்புக்கால் மெஷின். "அண்ணே, ரெண்டு பேருமா பிள்ளையப் பாத்துக்கலாம்" என்றாய். நானும் மகிழ்ந்தேன். வந்தவள் பிள்ளையை மட்டும் பார்த்தாயா? ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தால் கறிவேப்பிலை. பிஸ்கட் டின்னைத் திறந்தால் பொத்தான். மைலோ டின்னில் மைலோவைத் தவிர எல்லாம் இருந்தது. பணி ஓய்வு விழாவுக்கு நான் கட்டிய நீல டை, இன்று சமையலறை ஜன்னல் திரையை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மருமகன் லோகனின் பழைய ஜீன்ஸை வெட்டி எனக்கு மார்க்கெட் பை தைத்தாய், பின்பக்கப் பாக்கெட்டோடு. அதை நீட்டினால் பாசாரில் மீன்காரர், "சார், மீனை சிலுவார்லயா போடச் சொல்றீங்க?" என்று அந்தக் கால்சட்டைப் பாக்கெட்டைக் காட்டிக் கேட்கிறார். சுற்றி நின்ற ஆன்டிமார் எல்லாம் சிரித்தார்கள். பொறுத்துக்கொண்டேன்.

அது மட்டுமா? சாப்பாடு முடிந்து பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற நேரமாகப் பார்த்துத்தான் நீ அடுத்த அறையில் மெஷினை மிதிக்க உட்காருவாய். கடகடகடவென்று கூட்ஸ் ரயில் போகிற மாதிரி. "பிள்ளை தூங்குற நேரம் அமுதா" என்று நான் சொல்லாத நாள் உண்டா? "அவன் தூங்குவான், நீங்க போய்ப் படுங்க அண்ணே" என்பாய். அந்த இரைச்சலிலும் பிள்ளை கண்ணை மூடினான் என்றால், அது அந்தத் தொட்டில் சாரோங்கின் மகிமை. வேறென்ன?

அது எப்படிப்பட்ட சாரோங் என்று உனக்குத் தெரியாதா? ஷாமினி பிறந்தபோது கிள்ளானில் வாங்கிய பூப்போட்ட பாத்தேக் துணி. அவளும் அதில்தான் வளர்ந்தாள். துவைத்துத் துவைத்து வெங்காயச் சருகு போல மெலிந்து, பூவெல்லாம் மங்கி, தொட்டாலே கொட்டாவி வருகிற துணி. மேலே தொங்கும் ஸ்பிரிங்கில் மாட்டி ரிஷியை உள்ளே விட்டு இரண்டு ஆட்டு ஆட்டினால் போதும், சாயங்காலம் வரை எனக்கு விடுதலை. அதை நீ, ஊருக்குப் புறப்படுகிற ஞாயிற்றுக்கிழமை காலை, நான் கோயிலுக்குப் போய்த் திரும்புவதற்குள், நாடா நாடாவாக வெட்டி நான்கு கால்மிதிகளுக்கு ஓரம் தைத்து முடித்துவிட்டாய். என்னம்மா இது என்றால், என்ன சொன்னாய்? "பையனுக்கு ரெண்டு வயசாச்சு, இன்னும் என்ன தொட்டில்? துணி சும்மாதானே தொங்குது. எதையும் வீணாக்கக் கூடாதுன்னு பள்ளிக்கூடத்துல நீங்கதானே அண்ணே சொல்லிக் குடுத்தீங்க!" சொன்னேன். வீணாய்க் கிடக்கிற துணியைச் சொன்னேன். பிள்ளை படுக்கிற துணியையா சொன்னேன்? உதாரணத்துக்கு, பழைய செருப்பை வீணாக்காதே என்று ஒருவர் சொன்னால், நடந்து போகிறவன் காலிலிருந்து உருவுவதா? கீழ்வீட்டு சாந்தமேரிக்கு ஒன்று, லோரிக்கு என்று கன்னையாவுக்கு ஒன்று, லோகன் மூலமாக பந்திங்கில் சம்பந்தி அம்மாவுக்கு ஒன்று, உனக்கு ஒன்று. தானம் செய்து முடித்த கையோடு மெஷினை லோரியில் ஏற்றிக்கொண்டு நீ போய்விட்டாய்.

அன்று மதியம் தொடங்கியது. பிள்ளை தூங்கவில்லை. மறுநாளும் இல்லை. இன்றுவரை இல்லை. நான் முப்பது வருடம் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவன். சாரோங் போனது, அன்றே தூக்கம் போனது. இதற்கு மேல் என்ன ஆராய்ச்சி வேண்டும்? பாசார் மாலாமில் புது சாரோங் வாங்கி மாட்டினேன். உள்ளே போட்டதும் கோழியைக் கோணிப்பையில் போட்ட மாதிரி ஒரு சத்தம். எதிர்வீட்டுச் சீனத்து அங்கிள் வந்து, வாத்தியார் என்ற மரியாதை மாறாமல் "சிக்கு, பிள்ளைக்கு அடிபட்டுச்சா?" என்று மலாயில் விசாரித்துவிட்டுப் போனார். தூங்காத பிள்ளை என்ன செய்வான்? என் செருப்புக்குள் அரிசி கொட்டுகிறான். டிவி ரிமோட்டைச் சோற்றுப் பானையில் போட்டு மூடி வைக்கிறான். காலியான ஸ்பிரிங் கொக்கியில் தன் கரடி பொம்மையை மாட்டி இழுத்து விடுகிறான். கரடி வந்து என் மூக்குக் கண்ணாடியில் மோதுகிறது. உடனே கைதட்டி, "தாத்தா, லாகி!" என்று இன்னொரு முறை கேட்கிறான். ஷாமினி வேலை முடிந்து வருகிற நேரத்துக்குப் பிள்ளை அழுது சிவந்து, சோற்றுத் தட்டிலேயே தலை சாய்ந்து கிடக்கிறான்.

போன வாரம் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நல்ல பிள்ளை, குரலை உயர்த்தவில்லை. "அப்பா, உங்களால முடியல. ஒத்துக்குங்க லா. ஒன்னாந்தேதியிலிருந்து இவனைத் தஸ்காவுல போட்டுடறேன். ஏர்கோன் இருக்கு, பிள்ளைங்க இருக்கு, மதியம் எல்லாரையும் தூங்க வெச்சிடுவாங்க."   ஒரு வகுப்பு முழுக்கப் பிள்ளைகளை ஒரு பார்வையில் உட்கார வைத்தவனால் ஒரு பிள்ளையைத் தூங்க வைக்க முடியவில்லை. காலையில் அந்தக் காப்பகத்து வாசலில் ரிஷியை விட்டுவிட்டு, அரிசி கிடக்காத செருப்பை மாட்டிக்கொண்டு இந்த வீட்டுக்குத் திரும்பி வந்து, நான் என்ன செய்வேன் அமுதா? இதையெல்லாம் உன் கத்தரிக்கோல் யோசித்ததா?

அதனால் கால்மிதிகளைத் திரும்ப வாங்கக் கிளம்பினேன். அறுபத்தாறு வயதில், ஆசிரியர் என்று பெயர் வாங்கியவன், வீடு வீடாகப் போய்க் கால்மிதி கேட்டேன். ரிஷியையும் தூக்கிக்கொண்டு முதலில் சாந்தமேரி வீடு. "ஐயோ சார், அதுலதான் எங்க பூனை குட்டி போட்டிருக்கு, வந்து பாருங்க" என்று கூட்டிப் போனார். பார்த்தேன். கண் திறக்காத குட்டிகள், நம் சாரோங் ஓரத்தின்மேல் அடுக்கி வைத்த மாதிரி தூங்குகின்றன. அதுவே சாட்சி! பூனைக்குத் தெரிகிறது அந்தத் துணியின் அருமை. குட்டிகளைப் பார்த்த ரிஷி அன்று முழுக்க மியாவ் என்று கத்தினான். அந்தக் கால்மிதியைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அடுத்து சாலாக் செலாத்தானில் கன்னையா வீடு. "நல்லாத் தொடைக்குதுண்ணே" என்று கன்னையா எஞ்சின் எண்ணெய் சொட்டச் சொட்ட எடுத்துக் கொடுத்தான். சோப்புத்தூள் தீர்ந்தது, எண்ணெய் போகவில்லை.

பந்திங்கில் நடந்ததுதான் எல்லாவற்றையும்விட மோசம். சம்பந்தி இராஜம்மா அதை வாசலில் போடவில்லை. கண்ணாடி அலமாரியில், கல்யாணப் படத்துக்குக் கீழே விரித்து வைத்திருக்கிறார். "சம்பந்தி வீட்டுத் தங்கச்சி கையால செஞ்சது. கால் படலாமா?" என்று காட்டிவிட்டு எனக்குக் காப்பி கொடுத்தார். காப்பியைக் குடித்துவிட்டு நான் அதைத் திருப்பிக் கேட்டேன். அமுதா, பெண்ணைக் கொடுத்தவன், கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்டால் என்ன அர்த்தம்? அந்த அம்மாள் உள்ளே போய், ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, இரண்டு வாழைப்பழம், நடுவில் கால்மிதி என்று வைத்துக்கொண்டு வந்து, "எங்க மேல ஏதும் மனக்குறையா சார்?" என்று கேட்டார். இல்லையம்மா, பேரன் தூக்கத்துக்கு என்றேன். "கால்மிதி இல்லாமயா பிள்ள தூங்கல?" என்றார். கால்மிதியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அன்றிலிருந்து லோகன் என்னோடு பேசும்போது மாமா என்ற சொல்லை விட்டுவிட்டான்.

அவ்வளவும் பட்டு வாங்கி வந்த இரண்டையும் பிள்ளைக்குக் கீழே விரித்தேன். ஒன்றை முகர்ந்து பார்த்துத் தும்மினான். மற்றொன்றைத் தலையில் தொப்பியாக வைத்துக்கொண்டு ஓடினான். பிரித்துத் தைத்துப் பழையபடி ஒரே துணியாக்கினால்தான் வேலை செய்யும் போலிருக்கிறது. ஆகவே உனக்குக் கடைசியாகச் சொல்கிறேன். உன்னிடம் உள்ள கால்மிதியை உடனே தபாலில் அனுப்பு. காலில் மிதித்திருந்தாலும் துவைக்காமல் அனுப்பு. நீ துவைக்கிறேன் என்று அதிலும் ஏதாவது தைத்துவிடுவாய். இனிமேல் கத்தரிக்கோலோடு இந்த வீட்டுப் படி ஏறாதே. மெஷினோடு வந்தால் கதவே திறக்காது. தீபாவளிக்குக் கூட வெறுங்கையோடு வருவதானால் வா, பலகாரம் சாப்பிடு, போ.

இருந்தாலும் நீ என் தங்கை. உன் முழங்கால் வலி குறையட்டும். உன் கூரை நூறு மழை தாங்கட்டும். பிள்ளைகள் உன்னை நல்லபடி வைத்துக்கொள்ளட்டும்.

கோபம் தீராத அண்ணன்,
சிவநேசன்

பின்குறிப்பு: அமுதா, மேலே எழுதியதைக் கிழித்துப் போடலாம் என்று பார்த்தேன். தாள் வீணாகும். அதனால் அப்படியே அனுப்புகிறேன், படிக்காததாக நினைத்துக்கொள்.

கடிதத்தை உறையில் போட்டு, ரிஷியைத் தூக்கிக்கொண்டு, கால்மிதிகளைப் பிரித்துத் தைக்கப் பாலன் தையற்கடைக்கு வந்தேன். "கால்மிதியப் பிரிச்சுத் தொட்டிலா? என்ன சார், எல்லாம் தலைகீழா இருக்கு" என்றார். கையில் ஒரு ரவிக்கை இருக்கிறது, முடித்துவிட்டுப் பார்க்கிறேன் என்று தன் பழைய இரும்புக்கால் மெஷினை மிதித்தார். கடகடகட. ரிஷியின் தலை என் தோளில் விழுந்தது. மெஷின் நின்றது, கண்ணைத் திறந்தான். மறுபடி கடகட; மூடினான். பாலனை மூன்று முறை நிறுத்தி மிதிக்கச் சொல்லிச் சோதித்தேன். சேவல் கூவியதும் பொழுது விடிந்தது, ஆகவே சேவல்தான் சூரியனைக் கொண்டுவந்தது என்று எழுதிய பிள்ளைகளுக்கு வருடாவருடம் சிவப்பு மையில் சுழி போட்டவன் நான். இன்று யாராவது எனக்குப் போடட்டும்.

இதைத் தபாலில் போடவில்லை. கன்னையாவைக் கூப்பிட்டிருக்கிறேன், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். நீ படித்து முடிக்கும்போது லோரி உன் வாசலில்தான் நிற்கும். முதலில் மெஷினை ஏற்று, பிறகு நீ ஏறு. கத்தரிக்கோலை மறக்காதே. தைக்கத் துணி இல்லை என்று கவலைப்படாதே, என் அலமாரியில் நல்ல வேட்டிகள் இருக்கின்றன, எல்லாம் உனக்குத்தான். வந்ததும் முதல் வேலையாக பந்திங் சம்பந்தி அம்மாவுக்குப் பெரிதாக ஒரு கால்மிதி.

பாலன் தேத்தண்ணி குடிக்கப் போயிருக்கிறார். பிள்ளை துணிக்குவியலில் தூங்குகிறான். நூலும் இல்லாமல் துணியும் இல்லாமல் நான் மெஷினை மிதித்துக்கொண்டே எழுதுகிறேன். எழுத்து ஆடுவது அதனால்தான். கால் மரத்துப் போய்விட்டது. சீக்கிரம் வாம்மா.