தனி வார்டுக் கத்தாழை

கிளியனூருக்கும் திண்டிவனத்துக்கும் இடையில், செடிக்குத் தொற்று வந்துவிடும் என்று மனிதர்களைத் தள்ளி நிற்கச் சொன்ன ஒரே ஆள் குவாரன்டைன் மாமாதான். ஊரடங்கெல்லாம் முடிந்து, ஊரே முகக்கவசத்தைக் கழற்றி எறிந்த பிறகுதான் அவர் ஆரம்பித்தார். அவர் சோற்றுக்கத்தாழை பயிரிட்ட கொல்லைக்கும் நான் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட கொல்லைக்கும் ஒரே வரப்பு. அதனால் முதலில் மாட்டியவன் நான்.

வரப்பில் ஒரு டப் நிறைய சோப்புத் தண்ணீர் இருக்கும். காலை முக்காமல் உள்ளே போக முடியாது. ஒருமுறை அவர் மகளைப் பெண் பார்க்க விழுப்புரத்திலிருந்து வந்தவர்கள் கொல்லையையும் பார்க்க ஆசைப்பட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா பட்டு வேட்டியில் இருந்தார்.

"சம்பந்தி, வேட்டிய தூக்கிக்கினு கால நல்லா முக்குங்க. எந்த ஊரு நோவ எடுத்துகினு வர்றீங்கன்னு எனக்கு இன்னா தெரியும்?"

சம்பந்தி முக்கினார். கல்யாணமும் நடந்தது. எப்படி நடந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மடலில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தால் போதும். செடியை மண்ணோடு பெயர்த்து, மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் நட்டுவிடுவார். அதுதான் தனி வார்டு.

"புடுங்கிப் போட வேண்டியதுதான மாமா?" என்றேன்.

"ஒடம்பு சரியில்லன்னா உன்ன யாராச்சும் புடுங்கிப் போட்டாங்களாடா?"

இத்தனை காவலையும் தாண்டி, ஒரு ஐப்பசி மழையில் நோய் உள்ளே வந்துவிட்டது. கொல்லை முழுக்கப் புள்ளி விழுந்து, மடல்கள் கூழாகிச் சரிந்தன. மாமா சாப்பாட்டைத் தொடவில்லை. கொல்லையை வீட்டுமனைக்காரர்களிடம் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார். கொட்டகைக்குப் பின்னால் போன நான் கத்திவிட்டேன். தனி வார்டுச் செடிகள் மட்டும், பழைய தழும்புகளோடு பச்சைப்பசேலென்று நின்றன.

வேளாண்மை அலுவலர் அம்மா காலை முக்கிவிட்டு வந்து பார்த்தார்.

"இதுங்களுக்கு நோய் எதிர்ப்பு சக்தி இருக்கலாம். இல்ல, மேட்டுல தண்ணி நிக்காததால தப்பிச்சிருக்கலாம். பக்கக் கன்னுங்கள எடுத்து, நோய் புடிச்ச செடிங்களுக்கு நடுவுல நட்டுப் பாருங்க. தாங்கிச்சின்னா அதையே பெருக்கிக்கலாம்."

மாமாவின் முகம் வெளுத்தது. "இன்னாம்மா, பேஜாரா கீது! பெத்த புள்ளைய ஜொரக்காரங்க நடுவுல படுக்க வைக்க சொல்றீங்களே!"

ஆனாலும் நட்டார். நட்டதோடு சரி, அந்தப் பக்கமே போகவில்லை. தினமும் காலையில் வரப்பில் முதுகைக் காட்டி நின்று, கண்ணை மூடிக்கொள்வார்.

"நீ போய்ப் பாரு. கெட்ட சேதின்னா மெதுவா சொல்லு. நல்ல சேதின்னா ஜல்தி சொல்லு."

மழை ஓய்ந்து பனி தொடங்கிய ஒரு காலை. சுற்றிலும் பெரிய செடிகள் அழுகிக் கிடக்க, நடுவில் கன்றுகள் புது மடல் விட்டிருந்தன. ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கத்தினேன்.

"மாமா, எல்லாம் சுத்தம்!"

மாமா வரப்பிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். "எல்லாம் போச்சாடா?"

"ஐயோ, நல்ல சுத்தம் மாமா! ஒரு புள்ளி இல்ல!"

எழுந்து ஓடி வந்தார். சேற்றில் மண்டியிட்டு, கன்றுகளைத் தொட்டுத் தொட்டுச் சிரித்தார். இன்று அவர் கொல்லை முழுக்க அவற்றின் வாரிசுகள்தான். அன்று அங்கே இருந்தது நான் ஒருவன்தான். ஊரே கூடி நின்று பார்த்திருக்க வேண்டிய சிரிப்பு அது.