வலக்கை மருந்தும் கழிவுக் குடமும்

ஒரு காட்டில், மருந்துக்கெல்லாம் முத்திரை வேண்டும் என்று சட்டம் வந்த ஆண்டில், நுண்நாசி என்னும் புனுகுப்பூனை காய்ச்சலுக்கு மருந்து கண்டது. மரப்பட்டையைக் காய்ச்சி ஆறவைத்தால் இருவகைப் படிகங்கள் உறைந்தன. இரண்டிலும் அதே அணுக்கள், அதே பிணைப்புகள். ஆயினும் ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். வலக்கால் செருப்பு இடக்காலில் ஏறாதல்லவா? அதுபோல, வலக்கைப் படிகம் உடலில் பொருந்திக் காய்ச்சலைத் தணித்தது. இடக்கைப் படிகம் தலையைச் சுற்றவைத்தது. நுண்நாசி அவற்றை நகநுனியால் ஒவ்வொன்றாகப் பிரித்து, இடக்கையைக் கழிவுக் குடத்தில் போட்டது.

மரப்பொந்தில் அடைகாக்கும் மனைவிக்குக் கடுங்காய்ச்சல் என்று இருவாட்சிப் பறவை ஒன்று பறந்து வந்தது. இரண்டும் தரச்சான்று அலுவலகத்துக்கு விரைந்தன.

அலுவலர் நெடுநோக்கன் ஒரு தேவாங்கு. மருந்தினூடே ஒளியைச் செலுத்தி, குழாயில் கண்பதித்துப் பார்த்தது.

“அம்மா, உங்கள் மருந்து ஒளியைப் பதின்மூன்று பாகை வலப்புறம் திருப்புகிறதே! விதிப்படி கோணல் சுழியமாக இருக்கவேண்டும்.”

“ஐயா, அப்படித் திருப்புவதே அதன் தூய்மைக்குச் சான்று.”

“கோணல் சான்றா? நன்றாயிருக்கிறது! இடக்கைச் சரக்கு எங்கே?”

“கழிவுக் குடத்தில்.”

“கழிவு என் துறை அன்று; அதற்கு முத்திரையும் கிடையாது. ஆனால் அணு ஒன்று, எடை ஒன்று என்று விண்ணப்பத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிறகு ஒரு கையை ஒதுக்குவது என்ன நியாயம்? சரிபாதி கலந்து கொண்டுவாருங்கள்.”

நுண்நாசி அப்படியே கலந்தது. வலம் திருப்பியதை இடம் ஈடுசெய்ய, ஒளி நேராக வெளிவந்தது.

“சுழியம்! இதுவல்லவா நேர்மை!” என்று முத்திரை குத்தியது தேவாங்கு.

மறுநாள் இருவாட்சி அலுவலகத்தில் கதறியது: “காய்ச்சல் பாதிதான் இறங்கிற்று. தலைசுற்றி முட்டைகள்மேலேயே விழுகிறாள், ஐயா. இன்னொரு நாள் தாங்கமாட்டாள்!”

நெடுநோக்கன் நிதானமாக எழுதியது: ‘நன்மை பாதி, தீமை பாதி. கூட்டினால் சுழியம். புகார் தள்ளுபடி.’

உடன் வந்திருந்த நுண்நாசி வீடு திரும்பியது. கழிவுக் குடத்தைக் காலிசெய்து, கழுவி, அதில் வலக்கைப் படிகங்களைக் கொட்டியது. ‘கழிவு’ என்ற சீட்டை மட்டும் கிழிக்கவில்லை.

“வாசலில் குப்பை கிடக்கிறது, தம்பி. அள்ளிக்கொண்டு போ” என்றது இருவாட்சியிடம்.

மூன்றாம் நாள் பொந்துக்குள்ளிருந்து, “அத்திப்பழம் கொண்டுவர இவ்வளவு நேரமா?” என்று அதட்டல் கேட்டது. இருவாட்சி மகிழ்ந்து பறந்தது.

அந்த மழைக்காலத்தில் கழிவுக் குடத்தின் முன் நீண்ட வரிசை நின்றது. அதன் கடைசியில், கம்பளி போர்த்தி நடுங்கியபடி, அந்தப் பெரிய கண்களை இறுக மூடிக்கொண்டு நின்றது நெடுநோக்கன்.

நீதி: உயிர் காக்கும் பொருள் உங்களிடம் இருந்தால், அதை மருந்து என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.