வசனத்தை எப்படி அழிப்பது

வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அதன் கீழே, 'காத்திருக்கும் கோப்புகள்: 381' என்று போன் காட்டியது.

அதைப் பார்த்து வேதமுத்துவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மெல்போர்னில் இருக்கும் மகள் ரெனிதா போன வருஷம் வந்தபோது, அப்பாவுக்கும் மகளுக்கும் பொதுவாகப் போனில் ஒரு ஃபோல்டரைப் போட்டுக் கொடுத்திருந்தாள். "இனிமே எல்லாம் இதுலதான்ப்பா. வாட்ஸப்ல அனுப்பினா தெளிவே போயிடுது."

அன்றிலிருந்து தோன்றும்போதெல்லாம் ஒரு படம் போட்டார். கருகிய தோசை. மொட்டைமாடிக் கொடியில் காயும் ஒற்றைச் சட்டை. அம்பத்தூர் ஏரியில் வந்து இறங்கிய ஏதோ ஒரு பறவை. ஒன்றுக்கும் பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடப் பேச்சிலும் அவள் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. சமீபமாகக் குரலில் வேறு ஒரு விறைப்பு. அவரும் கேட்கவில்லை. பெற்ற பெண்ணிடம் கேட்டு வாங்க அதென்ன ரேஷன் அரிசியா?

இப்போது புரிந்துவிட்டது. மகள் மறக்கவில்லை. படங்கள் போய்ச் சேரவில்லை. அவ்வளவுதான். வட்டத்தை நிறுத்திவிட்டால் மகள் திரும்பக் கிடைத்துவிடுவாள்.

ஒரே ஒரு இடறல். அவர் போட்ட படங்கள் மொத்தம் இருநூறு கூட இருக்காது. தோசையின் ஒவ்வொரு ஓட்டையையும் தனியாக எண்ணுகிறதோ என்னவோ.

கீழ் வீட்டு பாபு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். போனை வாங்கிப் பார்த்தார்.

"இன்னா நைனா, மூச்சு வுடக்கூட எடம் இல்லாம ரொப்பி வெச்சிகீற. எத்தையாச்சும் அழிச்சாத்தான் நவுரும். த பாரு, ரெண்டாயிரம் குட்மார்னிங் கீது. மொதல்ல இத்த தூக்கு."

"அது சபை குரூப்புல வர்ற பைபிள் வசனம் பாபு."

"ரோசாப்பூ மேல எழுதிகீது."

"எதுமேல எழுதினாலும் வசனம் வசனந்தானே? வசனத்தை எப்படி அழிக்கிறது?"

பாபு யோசித்தார். கோயிலுக்குப் போகிறவர்தான் என்றாலும் அடுத்த வீட்டுச் சாமியிடம் வம்பு வைத்துக்கொள்ள அவருக்கும் மனமில்லை. "அப்ப வேற எத்தையாச்சும் அழி."

வேதமுத்து வசனம் படாத இடமாகத் தேடி, பச்சையாக இருந்த ஒன்றை அழித்தார். அது வாட்ஸப்பாக அமைந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை ரெனிதாவின் அழைப்பு வரவில்லை. எப்படி வரும்? அவர் ஒன்பது மணி வரை போனுக்கு எதிரே உட்கார்ந்திருந்துவிட்டு, ஆறிப்போன காபியைக் குடித்தார்.

எண் 394.

"ஏறிகினு போவுதே நைனா. உள்ள குட்டி போடுதா?" பாபு தலையைச் சொறிந்தார். "அப்ப டவர் பிரச்சன. மேல கொண்டு போய் வெய்யி."

மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியை விட உயரமான இடம் இல்லை. அதன் மூடிமேல் வைத்தார். மோட்டாரை யாரோ போட்டுவிட்டுத் தூங்கிப்போக, தொட்டி பொங்கி வழிந்தது. போன் இரண்டு நாள் அரிசி டப்பாவில் கிடந்தது. அந்த இரண்டு நாளும் அவர் கடையில் இட்லி வாங்கித் தின்றார். டப்பாவைத் திறந்து போனை எழுப்ப அவருக்குத் தைரியம் வரவில்லை.

மூன்றாம் நாள் போன் உயிர்த்தது. எண் 412.

அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கம் மொபைல் கடை வைத்திருக்கும் பானுப்பிரியா, சார்ஜ் துளையிலிருந்து ஒரு அரிசியை ஊசியால் நெம்பி எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"எதுக்கு அங்கிள் இவ்ளோ டென்ஷன்?"

"நான் போட்ட படமெல்லாம் என் பொண்ணுக்குப் போகாம நிக்குதும்மா. பாவம், அவ ஒண்ணுகூடப் பார்க்கலை. அதைச் சரி பண்ணிக் கொடுத்தா போதும்."

அவள் கொஞ்ச நேரம் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"நீங்க போட்டதெல்லாம் அன்னன்னிக்கே போயிடுச்சே அங்கிள். தோச, சட்ட, பறவ, எல்லாம். அவங்க தொறந்து பாத்தும் கீறாங்க."

வேதமுத்து மேசைமேல் இருந்த அந்த ஒற்றை அரிசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, போனுக்காகக் கையை நீட்டினார்.

"சரிம்மா. அப்ப கோளாறு ஒண்ணும் இல்லை. குடு."

"அட, உக்காருங்க அங்கிள். சுத்திகினு நிக்கறது நீங்க போட்டது இல்ல. நானூத்திப் பன்னெண்டும் உங்க பொண்ணு உங்களுக்குப் போட்ட வீடியோ, உள்ள வர எடம் இல்லாம வாசல்லயே நிக்குது."