நூறிலிருந்து இறங்குதல்

"நூறு, தொண்ணூற்றொன்பது, நூறு, நூற்றியொண்டு..."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மல்லாந்து கிடந்த அமிர்தநாயகத்துக்கு மூன்றாம் தரமும் இலக்கம் மேலேதான் ஓடியது.

பத்து மணிக்குக் குடலிறக்க ஒப்பரேஷன். இந்தத் தவணை தப்பினால் இன்னும் மூன்று மாதம் ஏணியில் கால் வைக்க ஏலாது. ஏணி இல்லையென்றால் அவருக்கு வேலையும் இல்லை; ஓலைத்தொடுவாயிலிருந்து தாராபுரம் வரைக்கும் தண்ணீர்த்தாங்கிகளுக்குப் பெயின்ற் அடிக்கிற மனுசன்.

பக்கத்துக் கட்டில் எட்வேட், முந்தாநாள் ஒப்பரேஷன் முடித்தவர், விடியவே சொல்லிவிட்டார்.

"அமிர்தம், மேசையில படுத்தின உடன நூறிலயிருந்து கீழ எண்ணச் சொல்லுவினம். நான் ஒரு பிழையும் விடேல்ல."

"பிழை விட்டா?"

"அது எனக்கென்னெண்டு தெரியும்? நான்தான் விடேல்லையே."

நாற்பது வயதுக்குப் பிறகு இலக்கம் படித்தவர் அமிர்தநாயகம். தண்ணீர்த்தாங்கியின் இரும்பு ஏணிதான் அவருக்குப் பள்ளிக்கூடம். ஏறும்போது ஒன்று, இரண்டு. இறங்கும்போது தொண்ணூறு, எண்பத்தொன்பது. கால் இறங்காமல் வாயில் இலக்கம் இறங்காது.

படுத்தபடியே காலால் மிதித்துப் பார்த்தார். போர்வைதான் விழுந்தது. கதிரையில் ஏறி இறங்கினார். தொண்ணூற்றொன்பதிலேயே தரை வந்துவிட்டது.

"என்ன கூத்து இது, அமிர்தம்?"

"குடல் தன்பாட்டில இறங்குது அண்ணை. இந்த இலக்கம்தான் இறங்கமாட்டன் எண்டுது."

"வெளியில படிக்கட்டு இருக்குத்தானே."

இருந்தது. மேல்மாடிக்கு இருபது படி. அடிவயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு ஐந்து தரம் ஏறினார். ஏறும்போது வாயை இறுக்கி மூடிக்கொண்டார். இலக்கமும் கூட ஏறிவிடுமே என்ற பயம். ஐந்தாம் இறக்கத்தின் கடைசிப் படியில் "ஒண்டு!" என்று வாட்டே அதிரக் கத்தினார்.

கத்திய சத்தத்துக்கு ஓடிவந்த தாதி றஞ்சிதா மிஸி அவரைப் பிடித்துக் கட்டிலில் இருத்தி, பிறஷர் பட்டியைக் கையில் சுற்றினாள்.

"நூற்றித் தொண்ணூறு! இண்டைக்கு ஒப்பரேஷன் இல்லை ஐயா. முதல்ல இந்த இலக்கம் இறங்கோணும்."

"இறங்கும் மிஸி! இன்னொருக்கால் படியால இறங்கிக் காட்டவோ? நூறிலயிருந்து ஒண்டு வரைக்கும் இப்ப பிழையில்லாமல் வருது. எட்வேட் அண்ணை எண்ணின மாதிரி."

எட்வேட் போர்வையை முகத்துக்கு மேலே இழுத்தார்.

"இவரோ?" என்றாள் மிஸி. "மயக்க ஊசி ஏறேக்க தொண்ணூற்றெட்டிலயே குறட்டை விட்டவரெல்லோ!"