சனிக்கு ஈரப்பதம் பார்த்த கதை

போன மாசம் ஒரு நாள். எனக்கு ஒரே வேலை. சனி கிரகத்தை ஒரு போட்டோ எடுக்கணும்.

ஆசைக்கு இல்லைங்க. வீட்டம்மா மன்னார்குடில ஒரு ஸ்கூல்ல சயின்ஸ் டீச்சர். எங்க வீட்டுக்காரர் சனியோட வளையத்தையே படம் பிடிப்பாருன்னு ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட பெருமை அடிச்சிட்டாங்க. கண்காட்சில அவங்க ஸ்டாலுக்குப் பின்னாடி ஃபிளெக்ஸாத் தொங்கணுமாம்.

"வளையம் தெரியலைன்னா என் மானம் போயிடும். பார்த்துக்குங்க."

நமக்கென்ன, டெலஸ்கோப் இருக்கே. குறுவை நெல்லு அறுத்த நம்ம வயல்ல கொண்டுபோய் நிறுத்தி, இருட்டினதும் வீடியோ எடுத்தேன். ஈர மண்ணு, ஈரக் காத்து. சனி பகவான் கெண்டை மீனாட்டம் நெளியிறாரு.

அதுக்குத்தான் வீடியோ. அதுல ஆயிரக்கணக்கான ஃபிரேம் இருக்கும். சாஃப்ட்வேர் எல்லாத்தையும் சோதிச்சு, தெளிவானது முன்னாடி, கலங்கலானது பின்னாடின்னு வரிசை கட்டும். அப்புறம் நம்மகிட்ட கேக்கும், இதுல எத்தனை சதவீதத்தை எடுத்து ஒரே படமா அடுக்கட்டும்னு.

இங்கதான் எனக்கு ரத்தம் கொதிச்சுது.

நெல்லு கொள்முதல் நிலையத்துல வருஷா வருஷம் இதே கதைதானே! குவியலுக்குள்ள கையை விட்டு, மிஷின்ல வெச்சுப் பார்த்து, ஈரப்பதம் ஜாஸ்தி, காயவெச்சுக் கொண்டாங்கம்பாங்க. அந்த ஆத்திரம் கம்ப்யூட்டர் வரைக்கும் வந்துடுச்சு. நான் எடுத்த ஃபிரேமைக் கழிக்க நீ யாருடா? நூறு சதவீதம். அத்தனையும் போடு.

போட்டுச்சு. போன்ல சின்னதாப் பார்த்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு. அந்தச் சூட்டோட ஃபிளெக்ஸ் கடைக்கு அனுப்பிட்டேன். புத்திசாலி.

வீட்டம்மா பெரிய ஸ்கிரீன்ல பார்த்தாங்க. ரொம்ப நேரம் பார்த்தாங்க.

"வளையம் எங்க?"

"உள்ளதான் இருக்கு."

"எதுக்குள்ள?"

நியாயமான கேள்வி. கலங்கின ஃபிரேம் அத்தனையும் சேர்ந்து, கிரகமும் வளையமும் ஒண்ணாக் குழைஞ்சு கிடந்துச்சு.

ரோஷம் வந்துடுச்சு. அடுத்து ஒரே ஒரு சதவீதம். வளையம் வந்துச்சு. கூடவே படம் முழுக்க ரவை தூவினாப்ல வந்துச்சு. ஃபிரேம் பத்தலையாம். இதென்னடா வம்புன்னு கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி இருபதுகிட்ட வந்தா, அம்சமா நிக்கிறாரு சனி. கண்ணுல தண்ணியே வந்துடுச்சுங்க.

உடனே ஃபிளெக்ஸ் கடைக்குப் போன் போட்டு, படத்தை மாத்தணும்னேன்.

"எதுக்கு சார்? சூப்பரா வந்திருக்கு. ஸ்கூல்லயே கொண்டுபோய்க் கட்டியாச்சு."

காலையில கண்காட்சிக்குப் போனா, வீட்டம்மா ஸ்டாலுக்குப் பின்னாடி வெறும் சுவரு. நம்ம சனி பகவான் ஊட்டச்சத்து ஸ்டால்ல, சிறுதானியக் கொழுக்கட்டைத் தட்டுக்கு மேல தொங்குறாரு. கட்ட வந்தவரு படத்தைப் பார்த்ததும் அந்த இடம்தான்னு அவராவே முடிவு பண்ணிட்டாராம். ஹெட்மிஸ்ட்ரஸ் வேற, கொழுக்கட்டைப் படம் ரொம்பத் தத்ரூபமா இருக்குன்னு பாராட்டினாங்க.

அடுத்த வாரம் நெல்லை ஏத்திக்கிட்டுக் கொள்முதல் நிலையத்துக்குப் போனேன். அங்க இருந்தவரு மிஷினைப் பார்த்துட்டு, வழக்கம்போல நான் கத்தப்போறேன்னு நாற்காலியைக் கொஞ்சம் பின்னாடி இழுத்துக்கிட்டாரு. ஈரப்பதம் ஜாஸ்தின்னாரு.

"சரிங்க சார். நல்லதை மட்டும் எடுத்துக்குங்க, மிச்சத்தைக் காயவெச்சுக் கொண்டாறேன்"னேன்.

மனுஷன் பயந்துபோய், "உடம்புக்கு ஏதும் முடியலையா?"ன்னு எனக்குத் தண்ணி கொண்டாரச் சொன்னாரு.